வெள்ளத்துக்குப் பிறகு ஒரு ஹைட்ராலிக் பம்ப்: பழையது போனது எப்படி, புதியதை ஓட்டியது எப்படி

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பல தொழிற்கூடங்களுக்குள் தண்ணீர் புகுந்தது. அவற்றில் ஒன்று, தகடுகளை அழுத்தி வாகன உதிரிபாகம் செய்யும் சிறிய யூனிட். மூன்று ஹைட்ராலிக் பிரஸ்கள் வைத்திருக்கிறார்கள். பிரஸ்களின் பவர் பேக், அதாவது டேங்க், மோட்டார், பம்ப் எல்லாம் சேர்ந்த தொகுப்பு, மூன்றிலும் தரையிலேயே இருந்தது. தண்ணீர் இடுப்பளவுக்கு ஏறி இரண்டு நாள் அப்படியே நின்றது. டேங்க் மூடியில் காற்று வந்துபோக இருக்கும் பிரீதர்கூட முங்கிவிட்டது.

வெள்ளம் வடிந்து மின்சாரம் வந்ததும் 250 டன் பிரஸ்ஸைத்தான் முதலில் ஓட்டினார்கள். அரை ஷிஃப்ட்கூட ஓடவில்லை, பம்ப் இறுகி நின்றுவிட்டது. என்னைக் கூப்பிட்டது அதற்குப் பிறகுதான். அந்தப் பம்ப்பைப் பிரித்துப் பார்த்ததில் தெரிந்ததையும், புதிய பம்ப்பை எந்த வரிசையில் ஓட்டத்துக்குக் கொண்டுவந்தோம் என்பதையும் இங்கே எழுதுகிறேன். வெள்ளம் வராத இடத்துக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். ஆறு மாதம் சும்மா கிடந்த இயந்திரத்தை ஓட்டும்போதும், பம்ப் மாற்றிவிட்டு ஓட்டும்போதும் நடக்கும் தவறுகள் இவைதான்.

இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம்

மெயின் சிலிண்டரின் விட்டம் 420 மில்லிமீட்டர். 180 பார் அழுத்தத்தில் அது தரும் விசை 250 டன்னைச் சற்றுத் தாண்டும். பம்ப், ஒன்பது பிஸ்டன் கொண்ட ஆக்ஸியல் பிஸ்டன் வகை. ஒரு சுற்றுக்கு 71 சிசி. 37 கிலோவாட் மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,475 சுற்று சுற்றும், அதனால் பம்ப் தள்ளும் எண்ணெய் நிமிடத்துக்கு 105 லிட்டர் அளவில் இருக்கும். பம்ப்பின் மேல் ஒரு காம்பன்சேட்டர் உண்டு. அழுத்தம் 180 பாரைத் தொட்டதும் உள்ளே சாய்ந்திருந்து பிஸ்டன்களை முன்னும் பின்னும் நகர்த்தும் ஸ்வாஷ் பிளேட்டை அது நிமிர்த்திவிடும், பம்ப் எண்ணெய் தள்ளுவது கிட்டத்தட்ட நின்றுபோகும். காம்பன்சேட்டர் கைவிட்டால் காப்பாற்றுவதற்காக, 200 பாரில் திறந்து எண்ணெயை டேங்குக்கே விடும் ஒரு ரிலீஃப் வால்வு. அதன் ஸ்க்ரூவை முறுக்க முறுக்க அது திறக்கும் அழுத்தம் கூடும். டேங்க் 400 லிட்டர், விஜி 68 என்ற பிசுபிசுப்புத் தர எண்ணெய்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். இந்தப் பம்ப்புக்குத் தனியாக மசகு எண்ணெய் கிடையாது. பிஸ்டன் ஒவ்வொன்றின் அடியிலும் ஸ்லிப்பர் என்ற பித்தளை நிறப் பாதம் இருக்கிறது. அது ஸ்வாஷ் பிளேட்டின் மேல் சில மைக்ரான் கனமே உள்ள எண்ணெய்ப் படலத்தில் வழுக்கி ஓடுகிறது. அந்தப் படலத்துக்கு வேண்டிய எண்ணெய், பம்ப் அழுத்தம் கொடுக்கும்போது பிஸ்டனின் நடுத்துளை வழியாகவும், பம்ப்பின் கேஸுக்குள், அதாவது வெளிக்கூட்டுக்குள், நிறைந்து நிற்கும் எண்ணெயிலிருந்தும் வருகிறது. கேஸ் காலியாக இருந்து அழுத்தமும் இல்லாவிட்டால் உலோகத்தின் மேல் உலோகம் உரசும்.

முதல் ஓட்டத்தில் நடந்தது

யூனிட்டில் இருந்தவர்களிடம் தனித்தனியாகக் கேட்டேன். யாரையும் மாட்டிவிடுவதற்கு இல்லை என்று முதலிலேயே சொன்னதால் மறைக்காமல் பேசினார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் வரிசை இதுதான்.

டேங்க்கின் அடி பிளக்கைத் திறந்து தண்ணீரை வடித்தார்கள். எண்ணெய் வர ஆரம்பித்ததும் பிளக்கை மூடி, குறைந்த அளவுக்குப் புது எண்ணெயை பேரலிலிருந்து நேராக ஊற்றினார்கள். மோட்டார் வைண்டிங் கடைக்குப் போய், சூடேற்றி வார்னிஷ் அடித்துத் திரும்பி வந்தது. மோட்டாரைக் கழற்றும்போதே பம்ப்பையும் கழற்றி, உள்ளே இருந்த கலங்கல் தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டி, காற்று அடித்து, மறுபடி மாட்டினார்கள். கேஸில் எண்ணெய் நிரப்பவில்லை. நிரப்ப வேண்டும் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. பழைய பம்ப்பைப் பல வருடங்களாக யாரும் கழற்றியதே கிடையாது.

ஸ்விட்ச் போட்டார்கள். மோட்டார் ஓடியது, அழுத்தம் வரவில்லை. ஏழெட்டு நிமிடம் ஓடியிருக்கும் என்கிறார்கள். இளைய ஃபிட்டர் சொன்னாராம்: "அண்ணே, பிரஷர் ஏறவே மாட்டேங்குது, ரிலீஃப்பைக் கொஞ்சம் டைட் பண்ணிப் பாருங்க." மூத்தவர் கால் சுற்று, அரைச் சுற்று என்று முறுக்கிக்கொண்டே போய், கடைசியில் ஸ்க்ரூ முட்டும்வரை கொண்டுபோய்விட்டார். கேஜ் முள் அசையவே இல்லை.

அப்போதுதான் எலக்ட்ரீஷியன் மோட்டாரின் பின்பக்க ஃபேனைக் கவனித்தார். மோட்டார் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வைண்டிங் கடையில் லீடுகளைப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள், பேனலில் நனைந்த கேபிளையும் மாற்றியிருக்கிறார்கள். இதில் எங்கேயோ இரண்டு ஃபேஸ் இடம் மாறிவிட்டது. அதைச் சரிசெய்து மறுபடி ஸ்விட்ச் போட்டார்கள். ரிலீஃப் ஸ்க்ரூ முட்டியபடியே இருந்தது, யாருக்கும் அது நினைவில்லை. பிரஸ்ஸின் ஸ்லைடு, அதாவது மேலும் கீழும் நகரும் பாகம், ஏற்கெனவே மேலே இருந்தது. ஆபரேட்டர் "அப்" பட்டனை அழுத்திப் பிடித்திருந்தார். எண்ணெய் போவதற்கு வழியே இல்லை. 250 பார் கேஜின் முள் ஒரே தாவலில் கடைசிக்குப் போய் முட்டியது, பம்ப்பிலிருந்து வரும் ஹோஸ் அதன் எண்ட் ஃபிட்டிங்கிலிருந்து பிய்ந்து தெறித்தது. எண்ணெய் சுவரெல்லாம் அடித்தது. அந்த நேரத்தில் அந்தப் பக்கம் யாரும் நிற்கவில்லை.

ஹோஸை மாற்றினார்கள். கேஜைப் பார்த்து ரிலீஃப்பைக் குறைத்தார்கள். இந்த முறை பிரஸ் ஓடியது. சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது, பம்ப்பின் உடம்பில் கை வைக்க முடியாத சூடு வந்தது. டிஸ்பேட்ச் அவசரம் இருந்ததால் ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். மதியத்துக்குள், பாரம் கூடினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோட் ரிலே இறங்கியது. அதற்குப் பிறகு ஷாஃப்டைக் கையால் அசைக்கக்கூட முடியவில்லை.

பிரித்துப் பார்த்தபோது

அங்கே எல்லோரும் ஒரே காரணம்தான் சொன்னார்கள்: "வெள்ளத் தண்ணீர் உள்ள போயிடுச்சு சார், அதான்." கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. இன்சூரன்ஸ் படிவத்திலும் அதையே எழுதிவிடலாம். ஆனால் அதை அப்படியே ஏற்றுக்கொண்டால், புதிய பம்ப்பையும் அதே கைகள் அதே முறையில் மாட்டும். லட்சத்தைத் தாண்டும் விலை உள்ள பொருள் அது. அதனால் மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, பாகங்களை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தி, எந்தக் காயம் எதனால் வந்தது என்று பிரித்துப் பார்த்தோம்.

தண்ணீர் விட்டுப்போன தடம் தெளிவாகவே இருந்தது. வால்வ் பிளேட்டில், அதாவது எண்ணெய் வந்துபோகும் துளைகள் உள்ள தகட்டில், தண்ணீர் தேங்கி நின்ற இடம் பிறை வடிவத்தில் துருப் புள்ளிகளாகத் தெரிந்தது. பேரிங் உருளைகளிலும் புள்ளி விழுந்திருந்தது. காம்பன்சேட்டரின் ஸ்பூல், அதாவது உள்ளே நகரும் சிறு உருளை, பழுப்புப் படலத்தில் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்தது, மெல்லிய பித்தளைக் கம்பியால் தட்டித்தான் வெளியே எடுக்க முடிந்தது. அழுத்தம் கேஜைத் தாண்டிப் போனதற்கு இதுதான் முதல் காரணம். ஸ்வாஷ் பிளேட்டை நிமிர்த்த வேண்டிய பாகம் செத்துக் கிடந்தது, இரண்டாம் காவலான ரிலீஃப்பையோ கையாலேயே முறுக்கிப் பூட்டியாயிற்று.

வண்டல் விட்டுப்போன தடமும் இருந்தது. வால்வ் பிளேட்டிலும் பிஸ்டன்களைத் தாங்கிச் சுழலும் சிலிண்டர் பிளாக்கின் முகத்திலும் வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள். விரல் நகத்தால் தடவினால் சில இடங்களில் தட்டுப்பட்டது.

ஆனால் பம்ப்பைக் கொன்றது இவை இரண்டும் இல்லை. ஒன்பது ஸ்லிப்பர்களின் முகமும் ஒரே மாதிரி உருகி இழுபட்டிருந்தன. ஸ்வாஷ் பிளேட்டில் வளையம் முழுக்க நீலமும் வைக்கோல் நிறமுமாகச் சூட்டுத் தடம். இரண்டு ஸ்லிப்பர்கள் பிஸ்டன் தலையிலிருந்து கழன்று, அவற்றைப் பிடித்திருந்த தகடும் வளைந்துபோயிருந்தது. மண்ணோ உலோகத் துணுக்கோ காரணமாக இருந்தால் ஓரிரு ஸ்லிப்பரில் ஆழமாகக் கீறல் விழும், மற்றவை தப்பியிருக்கும். ஒன்பதும் ஒரே அளவில் எரிந்திருக்கிறது என்றால் ஒன்பதுக்கும் ஒரே நேரத்தில் எண்ணெய் இல்லை. கேஸ் காலியாக இருந்த அந்த ஏழெட்டு நிமிடம்தான் அது.

தலைகீழ் சுழற்சி இதை இன்னும் மோசமாக்கியது. சரியான திசையில் ஓடியிருந்தால் அழுத்தம் வந்திருக்கும், உள்கசிவு எண்ணெய் கேஸைக் கொஞ்சமாவது நனைத்திருக்கும். தலைகீழாக ஓடும்போது பம்ப் எண்ணெய் இழுப்பதே இல்லை, கசிவும் இல்லை.

என் கணிப்பு இதுதான். துரு இந்தப் பம்ப்பைச் சில மாதங்களில் முடித்திருக்கும். வண்டல் சில வாரங்களில். உலர்ந்த கேஸ் சில நிமிடங்களில் முடித்துவிட்டது. அரை ஷிஃப்ட் ஓடியதெல்லாம் ஏற்கெனவே எரிந்துபோன ஸ்லிப்பர்களோடு ஓடிய ஓட்டம்.

ரிலீஃப் ஸ்க்ரூவைப் பற்றி

பம்ப் போனது பணநஷ்டம். ஹோஸ் பிய்ந்தது உயிர் போகும் விஷயம். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசக் கூடாது என்பதால் இதைத் தனியாக எழுதுகிறேன்.

அழுத்தம் வரவில்லை என்றால் ரிலீஃப்பை முறுக்குவது நம் ஊர் பட்டறைகளில் கை பழகிப்போன வேலை. ரிலீஃப் வால்வு எப்போதாவது திறந்தபடி சிக்கிக்கொள்வது உண்டுதான். அப்போதும் முறுக்குவதால் அது சரியாகிவிடாது, கழற்றித்தான் பார்க்க வேண்டும். அழுத்தம் வராததற்குப் பெரும்பாலும் காரணம் வேறு இடத்தில்தான் இருக்கும். தலைகீழ் சுழற்சி, பம்ப் எண்ணெய் இழுக்கும் பக்கத்தில் மூடிக்கிடக்கும் சக்‌ஷன் வால்வு, உடைந்த கப்ளிங், காற்று. அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்கிற கணத்தில், முறுக்கி வைத்த ரிலீஃப் காத்துக்கொண்டிருக்கும்.

பாதுகாப்பு வால்வு இல்லாத நிலையில் ஒரு பம்ப்பை ஓட்டினால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் பைப்பர் ஆல்ஃபா. வட கடலில் இருந்த அந்த எண்ணெய் மேடையில் 1988 ஜூலை 6 அன்று ஒரு கண்டன்சேட் பம்ப்பின் பாதுகாப்பு வால்வைப் பரிசோதனைக்காகக் கழற்றியிருந்தார்கள். அந்த இடத்தில் ஒரு மூடித் தகடு மட்டும் இருந்தது. இரவு ஷிஃப்ட்டில் இன்னொரு பம்ப் நின்றுபோனது. வால்வு கழற்றப்பட்ட விவரம் தெரியாமல் முதல் பம்ப்பை ஓட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். வாயு கசிந்து வெடித்தது, 167 பேர் இறந்தார்கள். கல்லன் பிரபு தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 1990இல் வந்தது. அதன் 106 பரிந்துரைகளில், யார் எதைக் கழற்றியிருக்கிறார்கள் என்பது அடுத்த ஷிஃப்ட்டுக்குத் தெரியும்படி வேலை அனுமதிச் சீட்டு முறையைச் சீராக்குவதும் உண்டு. அம்பத்தூரில் ஓர் இருபது பேர் வேலை செய்யும் இடத்துக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஆனால் ரிலீஃப்பைத் தொட்டவர் அதில் ஒரு சிவப்புச் சீட்டுக் கட்டியிருந்தால்கூட அந்த ஹோஸ் பிய்ந்திருக்காது.

பிய்ந்த ஹோஸைவிட ஊசித் துளைக் கசிவுதான் எனக்கு அதிகப் பயம். 180 பாரில் ஒரு நுண்துளையிலிருந்து வரும் எண்ணெய் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, ஆனால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு சின்னப் புள்ளி மட்டும் தெரியும், முதலில் பெரிதாக வலிக்காது. சில மணி நேரத்தில் கை வீங்கும். உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ எடுக்க வேண்டிவரும். கசிவைத் தேடுவதற்கு அட்டைத் துண்டைப் பயன்படுத்துங்கள், கையைக் கொண்டுபோகவே கூடாது. யாருக்காவது இப்படி நடந்தால் மருத்துவமனையில் "அழுத்தத்தில் எண்ணெய் உள்ளே போய்விட்டது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். வெறும் குத்துக் காயம் என்று கட்டுப் போட்டு அனுப்பிவிட வாய்ப்பு உண்டு.

துடைப்பது ஒரு தனி வேலை

புதிய பம்ப் வருவதற்கு நாள் ஆனது. அது நல்லதாகப் போயிற்று, சுத்தம் செய்ய நேரம் கிடைத்தது.

முதலில் ஸ்லைடு. மேலே தொங்கிக்கொண்டிருக்கும் ஸ்லைடை உள்ளே அடைபட்ட எண்ணெய்தான் தாங்குகிறது. அந்த நிலையில் எந்தக் குழாயைத் தளர்த்தினாலும் அது இறங்கும். இரும்பு முட்டுகள் வைத்து ஸ்லைடை அதன் மேல் உட்கார வைத்த பிறகுதான் ஸ்பேனரையே எடுத்தோம். பேனல் ஐசொலேட்டரில் பூட்டு, சாவி ஃபிட்டரின் சட்டைப் பையில். இந்தப் பிரஸ்ஸில் அக்யூமுலேட்டர், அதாவது எண்ணெயை அழுத்தத்தில் சேமித்து வைக்கும் கலன், இல்லை. இருக்கிற இடத்தில் மோட்டாரை நிறுத்திவிட்டால் மட்டும் போதாது, அதில் தேங்கிய அழுத்தத்தை டேங்குக்கு வடித்து, கேஜ் பூஜ்யம் காட்டுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

டேங்க்கில் இருந்த எண்ணெய் முழுவதையும் கொட்டியாக வேண்டும் என்றேன். முதலாளிக்கு மனசே வரவில்லை. பாதிக்கு மேல் புது எண்ணெய்தானே, வடிகட்டிக்கொள்ளலாமே என்றார். அவர் எதிரிலேயே ஒரு சூடான தகட்டில் அந்த எண்ணெயில் ஒரு சொட்டு விட்டோம். படபடவென்று பொரிந்தது. எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால்தான் அப்படிப் பொரியும். கலங்கலாக, பால் சேர்த்த மாதிரி தெரிகிற எண்ணெயில் தண்ணீர் கரையும் அளவைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். தேய்மானத்தைத் தடுக்கச் சேர்த்திருக்கும் துத்தநாகச் சேர்மங்களையும் தண்ணீர் சிதைத்துவிடும். வடிகட்டி தண்ணீரை எடுத்துவிட்டாலும் அந்தச் சேர்மங்கள் திரும்ப வராது.

பம்ப் உடைந்ததால் வந்த உலோகத் துணுக்குகள் எங்கெல்லாம் போயிருக்கும் என்று யோசிக்க வேண்டும். ஒரு பங்கு கேஸ் டிரெய்ன், அதாவது கேஸில் சேரும் உள்கசிவு எண்ணெயை வெளியேற்றும் குழாய், வழியாக டேங்குக்கு. இன்னொரு பங்கு பிரஷர் லைனில் வால்வுகளுக்கும், அங்கிருந்து சிலிண்டருக்கும் கூலருக்கும். பம்ப்பை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டுகிற இடங்களில், பழைய பம்ப்பின் தூள்தான் புதிய பம்ப்பைத் தின்னும். டேங்க்கின் உட்புறத்தைக் கழுவி, நூல் விடாத துணியால் துடைத்தோம். பனியன் வேஸ்ட்டை டேங்க் பக்கமே கொண்டுவரக் கூடாது, அதன் நூல் வால்வு ஸ்பூலில் போய்ச் சிக்கும். கடைசியாகக் கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து, உருண்டையாக மூலை மூலையாக ஒற்றி எடுத்தோம். பழைய முறைதான், ஆனால் கண்ணுக்குத் தெரியாத தூளை அவ்வளவு நன்றாக வேறு எதுவும் எடுப்பதில்லை. அந்த உருண்டை சாம்பல் நிறத்தில் மின்னியதைப் பார்த்த பிறகு, டேங்க்கைத் திரும்பவும் ஏன் துடைக்கிறோம் என்று யாரும் கேட்கவில்லை.

குழாய்களையும் கூலரையும் சிறிய கியர் பம்ப் யூனிட் ஒன்றை வைத்து, வால்வு பிளாக்கைத் தவிர்த்து, ஃபில்டர் வழியாகச் சுற்றவிட்டுக் கழுவினோம். வால்வுகளைத் தனித்தனியாகப் பிரித்துச் சுத்தம் செய்தோம். சிலிண்டர் எண்ணெயையும் வெளியேற்றினோம்.

புது எண்ணெய் சுத்தமான எண்ணெய் என்று நினைப்பது தவறு. எண்ணெயில் உள்ள துகள்களை ஐஎஸ்ஓ 4406 என்ற முறையில் மூன்று எண்களாகக் குறிப்பார்கள். முதல் எண் 4 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்களுக்கு, அடுத்த இரண்டும் இன்னும் பெரிய துகள்களுக்கு. எண் ஒன்று கூடினால் துகள் இரட்டிப்பாகிறது. பேரலில் வரும் எண்ணெய் 21/19/16 அளவில் இருப்பது சகஜம். 21 என்றால் ஒரு மில்லிலிட்டரில் 10,000 முதல் 20,000 துகள். இந்த வகைப் பம்ப்புக்குக் குறைந்தது 20/18/15 வேண்டும், 18/16/13 என்றால் இன்னும் நல்லது. 18 என்றால் 1,300 முதல் 2,500 துகள்தான். ஆகவே இரண்டு பேரல் எண்ணெயையும் ஃபில்டர் வண்டி வழியாகத்தான் டேங்குக்குள் ஏற்றினோம், ஏற்றிய பிறகும் ஓரிரவு சுற்றவிட்டோம்.

புதிய பம்ப்

கப்ளிங்கின் ரப்பர் ஸ்பைடரைப் போடாமல் முதலில் மோட்டாரை மட்டும் ஒரு நொடி தட்டி, திசையைப் பார்த்தோம். பம்ப் உடம்பில் உள்ள அம்புக்குறியோடு ஒத்துப்போனது. பம்ப்போடு இணைத்த பிறகு திசை பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். தவறாக இருந்தாலும் எதுவும் கெடாது. ஃபேன் மூடியில் பெயின்ட்டுக்கு அடியில் மறைந்திருந்த அம்பைச் சுரண்டி எடுத்து, சிவப்பில் மறுபடி வரைந்தோம். பேனல் கதவின் உட்பக்கமும் ஃபேஸ் வரிசையை எழுதி வைத்தோம்.

பம்ப்பை மாட்டும்போது கப்ளிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றக் கூடாது, அந்த அடி நேராகப் பேரிங்குக்குப் போகும். இரண்டு கப்ளிங் பாதிகளுக்கும் நடுவே உற்பத்தியாளர் சொன்ன இடைவெளியை விட்டு இறுக்கினோம். கேஸ் டிரெய்ன் லைனைப் பம்ப்பின் மேல்பக்கத் துளையிலிருந்து எடுத்தோம். கீழ்த் துளையில் மாட்டினால் கேஸ் பாதி காலியாகவே இருக்கும். அந்த லைன் வேறு எந்த ரிட்டர்ன் லைனோடும் சேராமல், தனியாக டேங்குக்குப் போய், எண்ணெய் மட்டத்துக்குக் கீழே முடிய வேண்டும். பழைய அமைப்பில் அதை மெயின் ரிட்டர்னில் இணைத்திருந்தார்கள். ரிட்டர்னில் அழுத்தம் தாவும்போதெல்லாம் ஷாஃப்ட் சீல் அடிவாங்கியிருக்கும்.

டிரெய்ன் லைனை இணைப்பதற்கு முன், மேல் துளை வழியாக வடிகட்டிய எண்ணெயை மெதுவாக ஊற்றினோம். ஷாஃப்டைக் கையால் சுற்றிச் சுற்றி ஊற்றினால்தான் உள்ளே அடைபட்ட காற்று குமிழாக மேலே வரும். அவசரப்பட்டால் நிறைந்தது போலத் தெரியும், நிறைந்திருக்காது. கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தபோது மட்டம் இறங்கியிருந்தது, மறுபடி ஊற்றினோம். இந்த வேலை முழுவதற்கும் கால் மணி நேரம்தான் ஆனது.

அப்புறம் சக்‌ஷன் வால்வு திறந்திருக்கிறதா என்று கைப்பிடியைப் பார்த்தால் போதாது. கைப்பிடி திறந்து, உள்ளே தகடு மூடிய வால்வுகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் வால்வின் மறுபக்கம் எண்ணெய் வருவதை உறுதி செய்துகொண்டோம். ரிலீஃப் ஸ்க்ரூவையும் காம்பன்சேட்டர் ஸ்க்ரூவையும் தளர்த்தி வைத்தோம். டைரக்‌ஷன் வால்வு நடுநிலையில் எண்ணெயை டேங்குக்கே விடும்படி இருந்தது. ஹோஸ்களின் நேர் எதிரில் யாரும் நிற்கவில்லை. பட்டன் பக்கத்தில் ஒருவர் மட்டும், அவர் கை நிறுத்தும் பட்டனில்.

ஸ்விட்சை ஓரிரு நொடி போட்டு நிறுத்தினோம். மறுபடி அதே மாதிரி. முதல் சில தடவை காற்று கலந்த கரகரப்பு வந்து, பிறகு சத்தம் சீரானது. அதற்குப் பிறகுதான் தொடர்ந்து ஓட்டினோம், பாரம் இல்லாமல், ஏறத்தாழ கால் மணி நேரம். டேங்க்கில் நுரை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். காற்று எங்காவது சக்‌ஷனில் புகுந்தால் எண்ணெய் நுரைக்கும், சத்தம் ஏறி இறங்கும். எண்ணெய் போதாமல் வெற்றிடம் உண்டானால் ஜல்லி உருட்டுவது போன்ற சத்தம் விடாமல் கேட்கும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு என்பதால் சத்தத்தைப் பிரித்துக் கேட்கப் பழகுவது நல்லது. சக்‌ஷனில் பொருத்திய வெற்றிட கேஜ் கிட்டத்தட்ட பூஜ்யத்திலேயே நின்றது. பம்ப்பின் உடம்புச் சூடு டேங்க்கைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

அழுத்தத்தை 30, 60, 100, 140, 180 பார் என்று படிப்படியாக ஏற்றினோம். ஒவ்வொரு படியிலும் பத்து நிமிடமாவது நின்று, சத்தம், சூடு, கசிவு பார்த்துவிட்டுத்தான் அடுத்த படி. கடைசியில் காம்பன்சேட்டரைத் தற்காலிகமாகச் சற்று உயர்த்தி, ரிலீஃப் 200இல் திறப்பதைக் கேஜில் பார்த்து லாக் நட்டை இறுக்கினோம். பிறகு காம்பன்சேட்டரை 180க்கு இறக்கிப் பூட்டினோம். இரண்டு ஸ்க்ரூக்களுக்கும் கம்பி கட்டி ஈய முத்திரை வைத்தோம். யாராவது தொட்டால் தெரிந்துவிடும். கேஜையும் 400 பார் வரை காட்டுவதாக மாற்றினோம். 250 பார் கேஜ் முள் கடைசியில் முட்டி நின்றபோது உண்மையில் அழுத்தம் எவ்வளவு போனது என்று சொல்ல இப்போதும் வழியில்லை.

180 பாரில் கேஸ் டிரெய்ன் லைனைச் சிறிது நேரம் ஓர் அளவுப் பாத்திரத்துக்குத் திருப்பிவிட்டு, கடிகாரம் பார்த்து அளந்தோம். நிமிடத்துக்கு 3 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பம்ப் புதிதாக இருக்கும் நாளில் இந்த எண்ணை எடுத்து வைக்காவிட்டால், பின்னால் வரும் எந்த அளவீட்டையும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இது இரட்டிப்பாகும்போது பம்ப்பை மாற்றத் திட்டமிட வேண்டும். சத்தம் வரும்வரை காத்திருந்தால் தூள் மறுபடி எல்லா இடத்துக்கும் போயிருக்கும்.

அன்று முழு உற்பத்தி கொடுக்கவில்லை. முதல் ஷிஃப்ட் முழுக்கக் குறைந்த அழுத்தத்தில் போகும் சிறிய பாகங்களை மட்டும் அடிக்கச் சொன்னேன். முதலாளி கணக்கோடு மல்லுக்கட்டினார், ஆனால் ஒப்புக்கொண்டார். அவருடைய வாடிக்கையாளர் வரிசையில் நின்று தொந்தரவு செய்துகொண்டிருந்தார் என்பதும் எனக்குத் தெரியும்.

பிறகு

ஏறத்தாழ 50 மணி நேரம் ஓடிய பிறகு ரிட்டர்ன் ஃபில்டரைக் கழற்றி வெட்டிப் பார்த்தோம். மடிப்புகளில் கொஞ்சம் மெல்லிய சாம்பல் தூள், சில பழைய பெயின்ட் செதில்கள். பித்தளை நிறத் துணுக்கு எதுவும் இல்லை. ஸ்லிப்பர் தேயவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. எண்ணெய் மாதிரியைச் சோதனைச்சாலைக்கு அனுப்பினோம். தண்ணீர் அளவு சரியாக இருந்தது, துகள் எண்ணிக்கை 18/16/13க்கு ஒரு படி மேலே. ஃபில்டரை மாற்றிவிட்டுத் தொடர்ந்து ஓட்டச் சொன்னேன்.

மற்ற இரண்டு பிரஸ்களில், ஒன்றின் பம்ப்பை ஓட்டுவதற்கு முன்பே பிரித்துவிட்டோம். துரு வால்வ் பிளேட்டின் ஓரத்தில் மட்டும் இருந்தது. பேரிங்கும் சீலும் மாற்றி, காம்பன்சேட்டரைக் கழுவி, கேஸ் நிரப்பி அதே வரிசையில் ஓட்டினோம். இன்னும் அதே பம்ப்தான். மூன்றாவதன் சிலிண்டர் பிளாக் துளைகளுக்குள்ளேயே துரு இறங்கியிருந்தது. அதைத் தேய்த்துச் சரிசெய்யலாம் என்று ஒரு கடையில் சொன்னார்கள். துளை சில மைக்ரான் பெரிதானாலே பிஸ்டனுக்கு அது பொருந்தாது என்பதால் நான் சம்மதிக்கவில்லை, புதியதே போட்டார்கள்.

மூன்று பவர் பேக்குகளுக்கும் மூன்றடி உயரக் கான்கிரீட் மேடை கட்டியிருக்கிறார்கள். பம்ப் கழற்றும் வேலை வந்தால் நிரப்ப வேண்டிய ஒரு பக்கப் படிவம் பேனலில் தொங்குகிறது. சுழற்சி திசை, கேஸ் நிரப்பியது, சக்‌ஷன் திறந்தது, ரிலீஃப் தளர்த்தியது என்று நான்கு வரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே செய்தவர் கையெழுத்து, அதைப் பார்த்த இன்னொருவர் கையெழுத்து. மோட்டாருக்கான பூட்டுச் சாவியை அந்தத் தாள் நிரம்பிய பிறகுதான் சூப்பர்வைசர் கொடுக்கிறார்.